முன்பின் தெரியாத ஒருவருக்காக உயிரைக் கொடுத்தவர் ‘மறைசாட்சி’யா? கைதி எண் 16670-ன் கதை

1941 ஜூலை மாதக் கடைசி. ஜெர்மனியின் பிடியில் இருந்த போலந்தின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் இருந்து ஒரு கைதி தப்பிவிட்டதாகத் தகவல் பரவியது. அவருடைய பிளாக்கில் இருந்த எல்லோரையும் வெளியே வரிசையில் நிற்க வைத்தார்கள். தப்பிய ஒருவருக்குத் தண்டனையாகப் பத்துப் பேரைப் பட்டினி போட்டுக் கொல்வது என்று முடிவு. முகாமின் துணைத் தளபதி கார்ல் ஃபிரிட்ஷ் வரிசை வரிசையாக நடந்து ஆட்களைப் பொறுக்கினார். அதில் ஒருவர் போலந்து ராணுவ சார்ஜென்ட் பிரான்சிஷெக் கயோவ்னிச்செக். மனைவியையும் பிள்ளைகளையும் நினைத்து அவர் கதறிவிட்டார்.

அப்போது வரிசையை விட்டு இன்னொருவர் முன்னால் வந்தார். அனுமதி இல்லாமல் நகர்ந்தாலே உயிர் போகும் இடம் அது. தான் ஒரு கத்தோலிக்கக் குரு என்றும், குடும்பம் உள்ள அந்த மனிதருக்குப் பதிலாகத் தான் போகத் தயார் என்றும் சொன்னார். ஃபிரிட்ஷ் ஒத்துக்கொண்டார். கைதி எண் 5659 வரிசைக்குத் திரும்பினார். கைதி எண் 16670 சாகப் போனார்.

அவர்தான் மாக்சிமிலியன் கோல்பே. அப்போது வயது 47.

யார் இந்தக் கோல்பே?

1894 ஜனவரி 8-ம் தேதி போலந்தின் ஸ்டுன்ஸ்கா வோலா என்ற ஊரில், நெசவுத் தொழிலாளி குடும்பத்தில் பிறந்தவர். வீட்டில் வைத்த பெயர் ரைமுண்ட். சின்ன வயதில் அவர் மாதாவைக் காட்சியில் கண்டதாக அவருடைய அம்மா பிற்காலத்தில் சொன்னார். மாதாவின் கையில் இரண்டு கிரீடங்கள். வெள்ளை, தூய்மைக்கு. சிவப்பு, மறைசாட்சியாகச் சாவதற்கு. எது வேண்டும் என்று கேட்டபோது, சிறுவன் இரண்டையும் கேட்டானாம்.

1907-ல் பிரான்சிஸ்கன் சபையின் பள்ளியில் சேர்ந்தார். பிறகு ரோமில் படித்து, தத்துவத்திலும் இறையியலிலும் டாக்டர் பட்டம் வாங்கினார். அங்கே மாணவராக இருந்தபோதே, 1917-ல், ஆறு நண்பர்களோடு ‘அமலோற்பவ மாதாவின் படை’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார். தன்னை முழுசா மாதாவிடம் ஒப்படைத்துவிடுவது, அவர் வழியாகக் கடவுளிடம் போவது என்பதுதான் அதன் அடிப்படை. 1918-ல் குருவானார். அதற்குள் காசநோய் உடம்பைப் பிடித்திருந்தது. வாழ்நாள் முழுக்க அது விடவில்லை.

துறவியா, மீடியா ஆளா?

இரண்டும்தான். 1922-ல் போலந்தில் ஒரு மாதப் பத்திரிகை தொடங்கினார். முதல் இதழ் 5,000 பிரதிகள். 1930-களின் கடைசியில் அது பல லட்சம் பிரதிகளாக வளர்ந்தது. 1927-ல் வார்சா அருகே அவர் தொடங்கிய நியெபொகலானூவ் மடத்தில் ஒரு கட்டத்தில் 700 பேருக்கு மேல் இருந்தார்கள். அச்சு இயந்திரம் ஓட்டியதும் துறவிகளே. பிறகு நாளிதழும் வந்தது, ரேடியோவும் வந்தது.

1930-ல் ஜப்பானுக்குப் போய், நாகசாகியில் ஒரு மடம் தொடங்கி, ஜப்பானிய மொழியிலும் பத்திரிகை கொண்டுவந்தார். 1932-ல் கேரளத்துக்கும் வந்து மடம் தொடங்க முயன்றார், அது கைகூடவில்லை. 1936-ல் போலந்து திரும்பினார்.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. அவருடைய மடத்தில் இருந்து வந்த பத்திரிகைகளில், குறிப்பாக நாளிதழில், யூத வெறுப்புக் கட்டுரைகள் வெளிவந்தன. புனிதர் பட்டத்தின்போது இது பெரிய விவாதமானது. ஆனா, 1939-ல் போர் தொடங்கிய பிறகு அதே மடம்தான் ஆயிரக்கணக்கான அகதிகளுக்கு அடைக்கலம் கொடுத்தது. அவர்களில் யூதர்களும் ஏராளம். இரண்டுமே அவர் வாழ்க்கையில் நடந்தவைதான். ஒன்றைச் சொல்லி இன்னொன்றை அழிக்க முடியாது.

பட்டினி அறையில் என்ன நடந்தது?

1941 பிப்ரவரி 17-ம் தேதி ஜெர்மன் ரகசியப் போலீஸ் அவரைக் கைது செய்தது. மே கடைசியில் ஆஷ்விட்ஸ் கொண்டுபோனார்கள். ஜூலை கடைசியில் அந்தப் பத்துப் பேரும் 11-ம் பிளாக்கின் நிலவறையில் அடைக்கப்பட்டார்கள். சாப்பாடு கிடையாது, தண்ணீரும் கிடையாது.

அங்கே மொழிபெயர்ப்பாளராக வேலை செய்த ஒரு கைதி, போருக்குப் பிறகு சாட்சியம் சொன்னார். அந்த அறையில் இருந்து ஜெபமும் பாட்டும் கேட்டதாகவும், முன்னால் நின்று நடத்தியவர் கோல்பே என்றும் அவர் தெரிவித்தார்.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். கோல்பே காப்பாற்றியது ஒருவரை மட்டும்தான். மற்ற ஒன்பது பேர் சாவதை அவரால் தடுக்க முடியவில்லை. ஆனால் அவர்கள் தனியாகச் சாகவில்லை. ஒருவருக்கு உயிரைக் கொடுத்தார், ஒன்பது பேருக்குத் துணையாக இருந்தார்.

இரண்டு வாரம் கழித்து நான்கு பேர் மட்டும் உயிரோடு இருந்தார்கள். ஆகஸ்ட் 14-ம் தேதி அவர்களுக்குக் கார்பாலிக் அமில ஊசி போட்டுக் கொன்றார்கள். மறுநாள் கோல்பேயின் உடல் எரிக்கப்பட்டது. அன்று மாதாவின் விண்ணேற்புத் திருவிழா.

சரி, இதில் என்ன சர்ச்சை?

கத்தோலிக்கத் திருச்சபையில் ‘மறைசாட்சி’ என்பதற்கு ஒரு கறாரான வரையறை உண்டு. கொல்கிறவர், விசுவாசத்தின் மீதுள்ள வெறுப்பால் கொன்றிருக்க வேண்டும். கோல்பேயிடம் யாரும் விசுவாசத்தை விடச் சொல்லவில்லை. அவரை யாரும் பத்தில் ஒருவராகத் தேர்ந்தெடுக்கவும் இல்லை. அவராகவே முன்வந்தார். அப்படின்னா அது மறைசாட்சியா?

1971-ல் திருத்தந்தை ஆறாம் பவுல் அவரை அருளாளராக அறிவித்தபோது, மறைசாட்சிகள் வரிசையில் சேர்க்கவில்லை. விசுவாசத்தைச் சிறப்பாக வாழ்ந்து காட்டியவர் என்ற வரிசையில்தான் சேர்த்தார். ஆனால் 1982 அக்டோபர் 10-ம் தேதி, போலந்துக்காரரான திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், ஆய்வுக் குழுவின் கருத்தையும் தாண்டி, கோல்பேயை மறைசாட்சி என்றே அறிவித்தார். மனிதரை மனிதராகவே மதிக்காத அந்த முகாமே விசுவாசத்துக்கு எதிரான வெறுப்புதான் என்பது அவர் பக்கத்து நியாயம்.

வழிபாட்டில் மறைசாட்சிகளுக்குச் சிவப்பு உடை, மற்றப் புனிதர்களுக்கு வெள்ளை. சிறுவன் கேட்ட இரண்டு நிறமும் கிடைக்க 11 வருட இடைவெளி ஆனது.

இப்போது விதி மாறிவிட்டதா?

ஓரளவுக்கு. 2017-ல் திருத்தந்தை பிரான்சிஸ், அருளாளர் பட்டத்துக்கு இன்னொரு வழியைத் திறந்தார். சாவு நிச்சயம் என்று தெரிந்தும், அன்பினால், சுய விருப்பத்தோடு உயிரைக் கொடுத்தவர்களுக்கான வழி அது. அதற்கு முன்பும் சாதாரண வாழ்க்கையில் அவர்கள் நல்லபடி வாழ்ந்திருக்க வேண்டும். இறந்த பிறகு அவர்களுடைய பரிந்துரையால் ஒரு அற்புதம் நடந்திருக்கவும் வேண்டும். அதாவது, ஒரு நிமிடத் துணிச்சல் மட்டும் போதாது.

காப்பாற்றப்பட்டவர் என்ன ஆனார்?

கயோவ்னிச்செக் முகாமில் இருந்து உயிரோடு வெளியே வந்தார். மனைவி காத்திருந்தார். ஆனால் எந்தப் பிள்ளைகளை நினைத்து அன்று அழுதாரோ, அந்த இரண்டு மகன்களும் போரின் கடைசியில், 1945-ல், குண்டுவீச்சில் இறந்துபோயிருந்தார்கள்.

1971-லும் 1982-லும் வத்திக்கானில் நடந்த இரண்டு விழாக்களுக்கும் அவர் போனார். கோல்பே தனக்காகச் செய்ததைக் கடைசி வரை ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டே இருந்தார். 1995-ல் இறந்தபோது அவருக்கு வயது 93. கோல்பே கொடுத்த வாழ்நாள், 53 வருடங்களுக்கும் மேல்.