புதிர்களின் ஆசான் லூயிஸ் கரோல்

ஆலிஸ் என்னும் சிறுமி முயல் வளைக்குள் விழுந்த கதையை அறியாத இலக்கிய அன்பர் அரியர். அக்கதையை எழுதிய லூயிஸ் கரோலின் இயற்பெயர் சார்லஸ் லட்விட்ஜ் டாட்ஜ்சன் என்பதையும், அவர் இருபத்தாறு ஆண்டுகள் ஆக்ஸ்போர்டில் கணிதம் கற்பித்தவர் என்பதையும் அறிந்தவர் சிலரே. கதைசொல்லியாக உலகம் கொண்டாடிய அவர், தம் இறுதி ஆண்டுகளில் பெரும்பணியாக மேற்கொண்டது வேறொன்று. தருக்க முறைப்படி எண்ணிப் பார்க்கும் கலையைப் பொதுமக்களுக்கும் சிறுவர்க்கும் கற்றுத் தருவதே அது.

1832 சனவரி 27-ஆம் நாள் இங்கிலாந்தின் செஷயர் பகுதியிலுள்ள டேர்ஸ்பரி என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். தந்தை கிறித்தவ மதகுரு. உடன்பிறந்தார் பதினொருவருள் மூன்றாமவர்; ஆண்மக்களுள் மூத்தவர். தம்பி தங்கையரை மகிழ்விக்க இளமையிலேயே கையெழுத்து இதழ்கள் நடத்தினார். அவற்றுள் ஒன்றில் கடிகாரப் புதிர் ஒன்றை எழுதினார். ஒரு கடிகாரம் அடியோடு நின்றுவிட்டது. மற்றொன்று நாளுக்கு ஒரு நிமிடம் பின்தங்குகிறது. எது சிறந்தது? பின்தங்கும் கடிகாரம் மீண்டும் சரியான மணியைக் காட்டப் பன்னிரண்டு மணி நேரம், அதாவது 720 நிமிடங்கள், பின்தங்கியாக வேண்டும். அதற்கு 720 நாட்கள், ஏறத்தாழ ஈராண்டுகள் ஆகும். நின்றுபோன கடிகாரமோ நாள்தோறும் இருமுறை சரியான மணியைக் காட்டும். எனவே நின்றதே சிறந்தது என்றாகிறது! கணக்கில் பிழையில்லை; சிறந்தது என்ற சொல்லுக்கு நாம் ஆராயாமல் ஏற்ற பொருளில்தான் பிழை. சொல்லின் பொருளைச் சோதிக்காமல் கணக்கைத் தொடங்கலாகாது என்னும் பாடத்தை அவர் இளமையிலேயே விளையாட்டாய் உணர்த்திவிட்டார்.

1851-இல் ஆக்ஸ்போர்டின் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியில் தங்கிப் பயிலச் சென்றார். சென்ற சில நாட்களிலேயே தாயை இழந்தார். 1855-இல் அக்கல்லூரியிலேயே கணித விரிவுரையாளர் ஆனார். திக்கிப் பேசும் குறை அவருக்கு வாழ்நாள் முழுதும் இருந்தது. கணிதத்தில் நாட்டமில்லாத மாணவரை ஈர்க்கும் ஆற்றல் அவருடைய விரிவுரைகளுக்கு இல்லை. ஆனால் 1862 சூலை 4-ஆம் நாள், படகில் உடன்வந்த மூன்று சிறுமியர்க்கு அவர் சொன்ன கதை, 1865-இல் நூலாகி உலகெங்கும் சென்றது.

1881-இல் விரிவுரைப் பணியைத் துறந்த பின் அவர் நாட்டம் புதிர்களிலும் தருக்கத்திலும் ஊன்றியது. உறக்கம் வராத இரவுகளில், எழுதுகோலின் துணையின்றி மனத்தாலேயே தீர்த்த 72 கணக்குகளை 1893-இல் நூலாக்கினார். அதே ஆண்டில் குரங்குப் புதிர் ஒன்றையும் அறிஞர்களிடம் விடுத்தார். கப்பியின்மேல் செல்லும் கயிற்றின் ஒரு முனையில் குரங்கு தொங்குகிறது; மறுமுனையில் அதே எடையுள்ள கல். குரங்கு கயிற்றைப் பற்றி ஏறினால் கல் என்னாகும்? ஆக்ஸ்போர்டு அறிஞர்கள் ஆளுக்கொரு விடை கூறினர். கயிற்றின் எடையையும் கப்பியின் உராய்வையும் தள்ளிவிட்டு எண்ணினால் விடை எளிது. ஒரே கயிறு இருபுறமும் ஒரே விசையுடன் இழுக்கிறது, எடைகளும் சமம். ஆகவே குரங்கு ஏறும் அளவே கல்லும் ஏறும்.

1886-இல் தருக்க விளையாட்டு நூல் ஒன்றை வெளியிட்டார். கட்டங்கள் வரைந்த அட்டை ஒன்றும், சிவப்பும் சாம்பலுமாய் ஒன்பது காய்களும் அதற்குக் கருவிகள். ஒரு கட்டத்தில் பொருள் உண்டு என்பதற்குச் சிவப்புக் காய். வெறுமை என்பதற்குச் சாம்பல் காய். எடுத்துக்காட்டுகளுக்கு வேண்டுமென்றே நகைப்புக்குரிய கூற்றுகளை அமைத்தார். அவர் முறையில் நாமும் ஒன்றை அமைத்துப் பார்க்கலாம். கூரையில் உறங்கும் பூனைகள் எல்லாம் பாடும். மீன் தின்னும் பூனை எதுவும் பாடாது. எனவே கூரையில் உறங்கும் பூனை எதுவும் மீன் தின்னாது. பாடும் பூனையை எவரும் கண்டதில்லை. ஆயினும் முடிவு தவறாமல் பின்தொடர்கிறது. நம் விருப்பு வெறுப்பு தொடாத கூற்றுகளில் பழகினால்தான் தருக்கத்தின் வடிவம் தெளிவாகத் தெரியும்.

இக்கலையை ஆக்ஸ்போர்டிலுள்ள பெண்கள் பள்ளியிலும் மகளிர் கல்லூரியிலும் அவரே சென்று கற்பித்தார். ஆக்ஸ்போர்டு மகளிர்க்குப் பட்டம் வழங்கத் தொடங்கியது 1920-இல்தான் என்பதை இங்கு நினைத்தல் வேண்டும். ஆயினும் மகளிர்க்கு ஆக்ஸ்போர்டில் இடம் தருவதைவிடத் தனிப் பல்கலைக்கழகம் அமைப்பதே நன்று என்று 1896-இல் வாதிட்டவரும் அவரே. காலத்தின் தளையை அவரும் முழுதாய் அறுத்தாரில்லை.

1895-இல் ஆமையும் வீரன் அக்கிலீசும் உரையாடுவதாக ஒரு சிறு கட்டுரை எழுதினார். கூற்றுகளை ஒப்புக்கொள்ளும் ஆமை, முடிவை மட்டும் ஏற்க மறுக்கிறது. கூற்றுகள் உண்மையாயின் முடிவும் உண்மை என்னும் விதியைச் சேர்த்தால் அதையும் ஒப்புகிறது. முடிவை மீண்டும் மறுக்கிறது. விதிகள் முடிவின்றி நீள்கின்றன. சான்றுகளை எவ்வளவு அடுக்கினாலும், அவற்றிலிருந்து முடிவுக்குச் செல்லும் இறுதி அடியைக் கேட்பவர்தாமே எடுத்து வைக்க வேண்டும். தருக்க அறிஞர்கள் இன்றும் ஆராயும் கட்டுரை இது.

குறியீட்டுத் தருக்கம் பற்றி மூன்று பகுதிகளாக எழுதத் திட்டமிட்ட நூலின் முதற்பகுதி 1896-இல் வெளிவந்தது. இரண்டாம் பகுதி அச்சு மெய்ப்பு நிலையில் இருந்தபோது, 1898 சனவரி 14-ஆம் நாள் கில்ட்போர்டு நகரில் நிமோனியாக் காய்ச்சலால் அவர் மறைந்தார். இரண்டாம் பகுதி தொலைந்ததென்றே கருதப்பட்டது. அமெரிக்க அறிஞர் வில்லியம் பார்ட்லி அதன் மெய்ப்புத் தாள்களைத் தேடிக் கண்டெடுத்து 1977-இல் வெளியிட்டார். கரோலோடு ஓயாது வாதிட்ட ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர் ஜான் குக் வில்சனிடம் அனுப்பப்பட்ட தாள்கள் அவற்றுள் அடங்கும். ஒரு முடிவைப் பொய்யெனக் கொண்டு, அதிலிருந்து கிளைக்கும் வழிகள் யாவும் முரண்பாட்டில் முடிகின்றனவா என்று மரம்போல் வரைந்து பார்க்கும் முறை அவற்றில் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பிறர் கண்ட முறைக்கு அது முன்னோடி எனலாம்.

எதிர்வாதம் செய்தவரிடம் சென்ற ஏடுகள் அவருடைய அறிவுழைப்பைக் காத்துத் தந்தன. விடையைக் கையில் தராமல் வழியைக் காட்டி நின்றவர் கரோல். அந்த இறுதி அடி என்றும் கற்பவருடையதே.