ஏழு தந்தி வயலின்

பெங்களூருவில் மல்லேசுவரத்தை அடுத்து, வயலின் வடிவில் கட்டப்பட்ட ஓர் இசை அரங்கம் உள்ளது. 1980ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அவ்வரங்கம், வயலின் மேதை மைசூர் சௌடையாவின் நினைவாக எழுப்பப்பட்டதாகும்.

சௌடையா 1895ஆம் ஆண்டு, காவிரியுடன் கபினி கலக்கும் திருமகூடலு நரசிபுரத்தில் பிறந்தார். 1910ஆம் ஆண்டு, மைசூர் அரசவை இசைவாணர் பிடாரம் கிருஷ்ணப்பாவிடம் மாணவராகச் சேர்ந்தார். கிருஷ்ணப்பா வாய்ப்பாட்டில் வல்லவர். கண்டிப்பு மிக்க ஆசிரியர். அவரிடம் 8 ஆண்டுகள் பயின்ற சௌடையா, பாடும் குரலைப் பின்பற்றி வயலின் இசைக்கும் திறனைப் பெற்றார்.

பின்னர் அவர் பெரும் பாடகர்களுக்குப் பக்கவாத்தியம் வாசிக்கலானார். அது எளிய பணி அன்று. கருநாடக இசையில் கீர்த்தனைகள் முன்னரே இயற்றப்பட்டவை. ஆனால் இராக ஆலாபனையும் கற்பனைச் சுரமும் மேடையிலேயே பிறப்பவை. இதனை மனோதர்மம் என்பர். பாடகர் சுரங்களைப் பாடி நிறுத்தியவுடன், வயலின் கலைஞர் அதற்கேற்ற விடையைத் தம் கற்பனையால் வாசித்தல் வேண்டும். நின்று சிந்திப்பதற்கு அங்கே நேரம் இல்லை.

அரியக்குடி இராமானுச ஐயங்கார், செம்பை வைத்தியநாத பாகவதர் முதலியோரின் பாணிகள் ஒன்றற்கொன்று வேறுபட்டவை. சௌடையா ஒவ்வொருவரின் இசைப்போக்கையும் கூர்ந்து கேட்டு, அவரவர்க்கு ஏற்ப வாசித்தார். இவ்வாறு கச்சேரி மேடையே அவருக்கு இரண்டாம் பள்ளியாயிற்று. முன்னோரைக் கேட்டுக் கற்கும் இம்முறை பிற நாட்டு இசையிலும் உண்டு. அமெரிக்க ஜாஸ் கித்தார் கலைஞர் வெஸ் மாண்ட்கோமெரி, சார்லி கிறிஸ்டியனின் இசைத்தட்டுகளைக் கேட்டு வாசித்துப் பழகியே தம் கலையைத் தொடங்கினார்.

அக்காலக் கச்சேரிகளில் ஒலிபெருக்கி இல்லை. செம்பையின் கணீரென்ற குரலுக்கு முன் 4 தந்தி வயலினின் ஒலி பின்வரிசையை எட்டுவது அரிது. பாடகருக்கு அளிக்கும் விடை அவையோர் செவியில் விழாவிடில், கற்ற வித்தையால் பயன் என்ன? எனவே சௌடையா மேலும் 3 தந்திகளைச் சேர்த்து, 7 தந்தி வயலினை உருவாக்கினார். சுருதி சேர்ப்பதும் வாசிப்பதும் முன்னினும் கடினமாயின. கற்ற கருவியையே மீண்டும் புதிதாகப் பழக வேண்டிய நிலை ஏற்பட்டது. ஆயினும் அவர் தளரவில்லை. விடாமுயற்சியால் அக்கருவியைத் தம் வயப்படுத்தினார். அதன் நாதம் அரங்கின் கடைசி வரிசை வரை நிறைந்தது.

கன்னட நாட்டில் பிறந்த அவரைத் தமிழகத்து இசையுலகமும் தன்னவராகவே போற்றியது. 1957ஆம் ஆண்டு சென்னை மியூசிக் அகாதெமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருது வழங்கியது. 1967ஆம் ஆண்டு சௌடையா மறைந்தார்.

அவர் பெயர் தாங்கிய வயலின் வடிவ அரங்கில் இன்றும் கச்சேரிகள் நடைபெறுகின்றன. அங்கே பாடகர் சுரம் பாடி நிறுத்தும்போது, அருகில் அமர்ந்த இளங்கலைஞர் ஒருவர் வில்லை உயர்த்தித் தம் விடையைத் தொடங்குகிறார்.