திருமறைக்காட்டு உப்பும் சர்தார் வேதரத்தினம் பிள்ளையும்

சர்தார் வேதரத்தினம் பிள்ளை அவர்கள் நம் மரபிற் பிறந்தவர் அல்லர். ஆயினும், கடலில் வலை வீசிக் கரையில் மீனுலர்த்தி வாழும் குடும்பத்தார் எவரும் அவரை அறியாதிருத்தல் தகாது. அதற்குக் காரணம் உப்பு ஒன்றே.

உப்பில்லையேல் கருவாடு இல்லை என்பதை நம் வீராம்பட்டினத்துப் பெண்மக்களுக்கு யான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மூன்று நான்கு பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பாவது வேண்டும். குறையின் மீன் கெடும். கெட்டதை எவரும் வாங்கார். நெய்தல் நிலத்து உப்பை வண்டிகளில் ஏற்றிச் சென்று மருத நிலத்து நெல்லுக்கு மாற்றிய உமணரைச் சங்க நூல்கள் பேசுகின்றன. அக்காலத்து உப்பு விற்பார்க்கும் வாங்குவார்க்கும் இடையே நிகழ்ந்த எளிய பண்டமாற்றாக இருந்தது.

ஆங்கிலக் கம்பெனியார் சென்னை மாகாணத்தில் 1805-ஆம் ஆண்டு உப்பைத் தம் தனியுரிமை ஆக்கிக்கொண்டனர். பின்னர் அவ்வரி ஏறியும் இறங்கியும் வந்தது. 82 ராத்தல் கொண்ட மணங்கு ஒன்றுக்கு 1888-இல் இரண்டரை ரூபாய். 1907-இல் ஒரு ரூபாய். 1923-இல் மீண்டும் இரண்டரை ரூபாய். அடுத்த ஆண்டு ஒன்றே கால் ரூபாய். உப்பு விளைக்கும் செலவோ சில அணாக்களே. கழிமுகத்தில் வெயிலால் தானே பூத்துக் கிடக்கும் உப்பை ஒரு கிழவி முறத்தில் வாரினாலும் அது குற்றம். உவர் மண்ணைச் சுரண்டி மீனிலே தடவுவதும் குற்றம். இதனால் மீன் தொழில் நலிவதைக் கண்ட அரசாங்கத்தார் மீன் பதனிடும் சாலைகளை அமைத்து, அவற்றினுள் மட்டும் வரியில்லா உப்பை நிறுத்து அளித்தனர். உண்ணும் உப்புக்கு அச்சலுகை இல்லை. சாலைக்கு எட்டாத சிற்றூரார்க்கோ எச்சலுகையும் இல்லை.

நாம் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தோமே, நமக்கு இத்துன்பம் இல்லையன்றோ என்று கேட்பார் உளர். பிரான்சு நாட்டில் உப்பு வரியைப் பொறாத குடிகள் பலகாலும் கிளர்ந்தெழுந்தனர். புரட்சியின்போது 1790-இல் அவ்வரி ஒழிக்கப்பட்டது. நெப்போலியன் 1806-இல் அதனை மீண்டும் விதித்தான். அந்நாட்டாரே 1815-இல் ஆங்கிலேயரோடு செய்த உடன்படிக்கையில், ஆண்டுதோறும் நான்கு இலட்சம் ரூபாய் பெற்றுக்கொண்டு, தம் இந்தியப் பகுதிகளில் விளையும் உப்பை ஊராரின் தேவை போக ஆங்கிலேயர்க்கே விற்க இசைந்தனர். நம் கரையின் உப்பு நம்மைக் கேளாமலே விலைபேசப்பட்டது என்பதை இளைஞர்கள் நினைவிற் கொள்வாராக.

இனிப் பிள்ளையவர்கள் வரலாற்றுக்கு வருவோம். திருமறைக்காடு எனப்படும் வேதாரணியத்தில் 1897-இல் அவர் பிறந்தார். தாயுமான அடிகளின் குடிவழி வந்தவர் என்பர். அவர் குடும்பம் செல்வாக்குள்ளது. உப்பளங்களும் அதற்கு உண்டு. ஈண்டு ஒன்றை ஊன்றி நோக்க வேண்டும். அரசாங்க அனுமதி பெற்று உப்பு விளைப்பவர்க்கு அரசாங்கத்தைப் பகைத்தலால் வரும் ஆதாயம் யாது? ஒன்றும் இல்லை. வறியவன் வரியை எதிர்த்தல் இயல்பு. வரிவிதியின் நிழலிலே பிழைப்பு நடத்தக்கூடிய ஒருவர் அதனை எதிர்த்தலே அரிது. பிள்ளையவர்கள் இளமையிலேயே காந்தியடிகள் நெறியைத் தழுவிக் காங்கிரஸில் தொண்டாற்றினார்.

காந்தியடிகள் 1930 மார்ச்சு 12-இல் சபர்மதியினின்று புறப்பட்டு ஏப்ரல் 6-இல் தண்டியில் உப்பெடுத்தார். தமிழ் நாட்டில் எங்கே உப்பெடுப்பது என்ற கேள்வி எழுந்தபோது, வேதாரணியமே தக்க இடம் என்று சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியாருக்கு எடுத்துரைத்துப் பொறுப்பையும் ஏற்றவர் பிள்ளையவர்கள். தம் வீட்டுக்குத் தாமே நெருப்பை அழைத்தது போன்ற செயல் அது.

உப்பு வரியால் ஒருவனுக்கு ஓராண்டில் செலவாவது சில அணாவே. அதற்கா இத்தனை ஆரவாரம் என்று அக்காலத்துக் கற்றோர் பலர் நகைத்தனர். நகரத்தான் கணக்கு அது. உப்பையே முதலாகப் போட்டுத் தொழில் செய்யும் கரையோரத்தான் கணக்கு வேறு. மேலும், அமெரிக்கக் குடியேற்ற நாட்டார் 1773-இல் பாஸ்டன் துறையில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் எறிந்தபோது அத்தேயிலை முன்னினும் மலிவாகவே வந்திருந்தது. தம் பிரதிநிதி ஒருவரும் இல்லாத சபை தமக்கு வரி விதித்ததையே அவர்கள் பொறுக்கவில்லை. வரியின் அளவைவிட அதனை விதிப்பவன் யார் என்பதே பெரிது என்று அவர்கள் கருதினர். நம்மவர் கருத்தும் அதுவே.

தமிழ்ப் புத்தாண்டாகிய ஏப்ரல் 13-இல் திருச்சிராப்பள்ளியில் டாக்டர் தி. சே. சௌ. இராஜன் இல்லத்தினின்று நூற்றுவர் அளவினரான தொண்டர் படை புறப்பட்டது. வழி ஏறத்தாழ 150 மைல். தஞ்சை ஜில்லா கலெக்டர் தார்ன் துரை, இப்படைக்கு உணவோ இடமோ கொடுப்பவர் சிறை புகுவர் என்று ஊர்தோறும் அறிவித்தார். விருந்தோம்பலைக் குற்றமாக்கிய உத்தரவு அது! காவிரி நாட்டார் அதற்கு விடை கண்ட விதம் இனிமையானது. சோற்றுப் பொட்டலங்கள் சாலையோர மரக்கிளைகளிலே தொங்கின. தொண்டர் எடுத்து உண்டனர். கொடுத்தவர் இன்னார் என்று போலீஸாரால் காட்ட இயலவில்லை. இவ்வேற்பாட்டில் பிள்ளையவர்கள் கை இருந்தது. வெளிப்படையாகவே விருந்திட்ட கும்பகோணம் பந்துலு ஐயர் போன்றோர் சிறை சென்றனர்.

ஏப்ரல் 28-இல் படை வேதாரணியம் சேர்ந்தது. 30-ஆம் நாள் விடியலில் அகத்தியம்பள்ளி உப்பளத்தில் இராஜாஜி உப்பை அள்ளினார். அங்கேயே கைதாகி ஆறு திங்கள் சிறைத் தண்டனை பெற்றார். அடுத்தடுத்த நாட்களில் தொண்டர்கள் கைப்பிடி உப்பை விடாது தடியடி பட்டனர். ருக்மிணி லட்சுமிபதி அம்மையார் இங்கே சிறைப்பட்டு, உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்ற முதற் பெண்மணி என்னும் பெயர் பெற்றார்.

ஊரார் போலீஸாருக்குச் சோறும் நீரும் தர மறுத்தனர். வைரப்பன் என்னும் நாவிதத் தொழிலாளியின் செய்கையை இன்றும் அவ்வூரார் சொல்லி மகிழ்வர். முகம் பாதி மழித்த நிலையில், எதிரே அமர்ந்திருப்பவன் போலீஸ்காரன் என்று அறிந்ததும் அவர் கத்தியை மடக்கிவிட்டார். நீதிமன்றத்தில் நிறுத்தி மீதியை மழிக்கப் பணித்தபோதும் இசையாது, கருவிப் பையை நீட்டி, வேண்டுமாயின் தாங்களே செய்துகொள்ளலாம் என்று நீதிபதிக்கே குறிப்பித்தாராம். அவர்க்கு ஆறு திங்கள் சிறை கிடைத்தது. பெரியோர் பெயர்களோடு இப்பெயரையும் நம் பிள்ளைகள் மனனம் செய்யவேண்டும் என்பது ஆசிரியனாகிய என் விருப்பம்.

பிள்ளையவர்களும் கைதாகி ஆறு திங்கள் சிறையிருந்தார். அவர் உடைமைகள் பறிமுதலாயின. உப்பளங்களும் கைவிட்டுப் போயின. உப்பு எல்லார்க்கும் உரியது என்றவர் தம் உப்பை இழந்தார். வீட்டில் இருந்தவர்கள் அந்நாட்களை எவ்வாறு கழித்தனர் என்பதைக் குடும்பத் தலைவராயுள்ளோர் எண்ணிப் பார்க்க. பின்னும் அவர் போராட்டத்தை விடவில்லை. மீண்டும் சிறை கண்டார். 1931-இல் திருநெல்வேலியில் கூடிய அரசியல் மாநாட்டில் அவர்க்குச் சர்தார் என்னும் பட்டம் வழங்கப்பட்டது.

அவ்வாண்டு மார்ச்சில் காந்தியடிகளும் வைஸிராய் இர்வினும் செய்த உடன்பாட்டின்படி, உப்பு விளையும் கரையோர ஊரார் தம் வீட்டுத் தேவைக்கும் ஊர்க்குள்ளே விற்பதற்கும் உப்பு எடுக்கலாம் என்றாயிற்று. பட்டணத்தார்க்கு அது சிறு சலுகையாகத் தோன்றியிருக்கலாம். முறம் ஏந்திய கிழவிக்கோ அஃது உரிமைச் சாசனம். வரி முற்றும் நீங்கியது 1947 ஏப்ரலில். அப்போது விடுதலைக்கு நான்கு திங்களே இருந்தன.

பிள்ளையவர்கள் 1946-இல் வேதாரணியத்தில் கஸ்தூரிபா காந்தி கன்யா குருகுலத்தை நிறுவி, ஆதரவற்ற பெண் குழந்தைகளுக்குக் கல்வியும் தொழிலும் கிடைக்கச் செய்தார். சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தார். 1961-இல் மறைந்தார். குருகுலம் இன்றும் நடைபெற்று வருகிறது. அகத்தியம்பள்ளியில் உப்பெடுத்த இடத்தில் நினைவுத் தூண் நிற்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் 30-இல் அங்கே அன்பர்கள் கூடி ஒரு பிடி உப்பை அள்ளுகின்றனர்.