நீர்வழி கண்ட அறிஞர்

நிலத்தடியில் ஓடும் நீரைக் கண்ணால் காண இயலாது. எனினும் அதன் போக்கைக் கணக்கால் அறியலாம். இவ்வுண்மையை உலகிற்கு உணர்த்தியவர் ஹென்றி டார்சி.

அவர் 1803ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் டிஜோன் நகரில் பிறந்தார். 14ஆம் அகவையில் தந்தையை இழந்தார். அன்னையின் அயரா முயற்சியால் கல்வி தடைப்படவில்லை. பாரிசில் பொறியியல் பயின்று, அரசுப் பொறியாளராகத் தம் ஊருக்கே திரும்பினார்.

அந்நாளில் டிஜோன் மக்கள் தூய்மையற்ற கிணற்று நீரையே நம்பி வாழ்ந்தனர். டார்சி, ரோசுவார் ஊற்றிலிருந்து 12 கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட மூடிய கால்வாயை அமைத்தார். நிலத்தின் சாய்வைக் கொண்டே 1840ஆம் ஆண்டில் நகருக்கு நன்னீர் கொணர்ந்தார். இவ்வரும்பணிக்கு ஊதியம் பெற மறுத்தார்.

1848ஆம் ஆண்டின் அரசியல் மாற்றத்தால் அவர் சொந்த ஊரை விட்டு நீங்க நேர்ந்தது. உடல்நலமும் குன்றியது. ஆயினும் ஆய்வு வேட்கை தணியவில்லை. பணிச்சுமையிலிருந்து விடுபட்டு, 1855, 1856ஆம் ஆண்டுகளில் டிஜோனில் மணல் நிரப்பிய உருளையுள் நீரைச் செலுத்தி ஆராய்ந்தார். நீர்மட்ட வேறுபாடு மிகுந்தால் ஓட்டம் அதே விகிதத்தில் மிகும். மணலடுக்கின் நீளம் கூடினால் ஓட்டம் குறையும். இவ்விதியை டிஜோன் நகர நீர் வழங்கல் குறித்த தம் பெருநூலின் பின்னிணைப்பில் 1856இல் வெளியிட்டார். இரண்டே ஆண்டுகளில், 1858 சனவரியில் மறைந்தார்.

மணலுக்குக் கண்ட விதியைப் பின்வந்தோர் பாறைக்கும் விரித்தனர். பின்லாந்து நாட்டின் ஒல்கிலுவோட்டோ தீவில், 400 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், அணுக்கழிவைச் சேமிக்கப் பாறையைக் குடைந்துள்ளனர். கழிவைத் தாமிரக் கலன்களில் அடைத்து, சுற்றிலும் களிமண் இட்டுக் காப்பது அவர்தம் திட்டம். பல்லாயிரம் ஆண்டுகள் நீங்காத நச்சைக் கலன் சிதைந்தால் சுமந்து வரக்கூடியது நிலத்தடி நீரே. கழிவின் வெப்பத்தால் பாறை விரியும், விரிசல்களின் அகலம் மாறும், நீரோட்டமும் மாறும். இம்மாற்றங்களை அறியப் பாறையைச் சிறுசிறு கூறுகளாகப் பகுத்துக் கணினியில் மாதிரி அமைக்கின்றனர். அக்கூறுகளில் நீரின் ஓட்டத்தைக் கணிக்க அடிப்படையாக அமைவது டார்சியின் விதியே.

தம் ஊராரின் தாகம் தீர்த்தவரின் அறிவு, இன்னும் பிறவாத தலைமுறையினரின் நீரையும் காக்கத் துணைநிற்கிறது. பயன் கருதாது செய்த பணி காலம் கடந்து வாழும் என்பதற்கு அவர்தம் வாழ்வே சான்றாகும்.