பரிந்துரையை வென்ற பயிற்சி: இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் மாணவப் பருவம்

கோடை விடுமுறை முடிந்து கல்விக்கூடங்கள் திறக்கும் வேளையில், நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பை நிறைவு செய்த பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளியின் வாயிலில் வந்து நிற்கின்றனர். மேல்நிலைக் கல்வியை முடித்தோர் கல்லூரியின் வாயிலில் நிற்கின்றனர். பெற்றோர் கையில் மதிப்பெண் பட்டியலும் மாற்றுச் சான்றிதழும் இருக்கின்றன. சிலர் கையில் ஊர்ப் பெரியவர் ஒருவரின் பரிந்துரைக் கடிதமும் இருக்கின்றது. சீருடை, புத்தகம், கட்டணம் ஆகிய அனைத்தும் ஆயத்தமாகி விடுகின்றன. உள்ளே நுழையவிருக்கும் பிள்ளையின் உள்ளம் ஆயத்தமாகி விட்டதா என்பதை மட்டும் நாம் கேட்டுப் பார்ப்பது அரிதாகவே உள்ளது.

பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்னர், தந்தையை இழந்த ஏழை மாணவர் ஒருவர் இவ்வாறே பரிந்துரைக் கடிதத்துடன் பேராசான் ஒருவரின் வாயிலில் போய் நின்றார். கடிதம் வீசி எறியப்பட்டது, மாணவரோ ஏற்றுக்கொள்ளப்பட்டார். அந்த மாணவரே பின்னாளில் நாற்பெரும் இமாம்களுள் ஒருவராய் விளங்கிய இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் ஆவார்கள். காயல்பட்டினம், கீழக்கரை முதலிய நம் கடற்கரை ஊர்களிலும், கேரளத்திலும், இலங்கையிலும் வாழும் முஸ்லிம்களுள் பெரும்பாலோர் தம் வழிபாட்டு நெறியில் அன்னாரின் மத்ஹபையே பின்பற்றி வருகின்றனர். நாள்தோறும் நம் நாவில் வழங்கும் அப்பெயருக்குரியவர் மாணவராய் இருந்த காலத்தை இம்மலரின் வழியே நாம் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

தாயின் துணிவு

இமாம் அவர்களின் இயற்பெயர் முஹம்மத். தந்தையார் பெயர் இத்ரீஸ். முன்னோருள் ஒருவரான ஷாஃபிஉ என்பாரின் பெயரால் ஷாஃபிஈ என அழைக்கப்பெற்றார்கள். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தோன்றிய குறைஷிக் குலத்தின் முத்தலிப் கிளையே அன்னாரின் குடும்பம். ஹிஜ்ரி 150, அதாவது கி.பி. 767 ஆம் ஆண்டில், பாலஸ்தீனத்துக் காஸா நகரில் அன்னார் பிறந்தார்கள். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் மறைந்ததும் அதே ஆண்டில்தான் என்பது வரலாற்றாசிரியர்கள் வியந்து சுட்டும் செய்தியாகும்.

குழந்தை உலகை அறியும் முன்பே தந்தையார் காலமானார். உயர்குடிப் பிறப்பு இருந்தது. உண்பதற்குரிய பொருள் இல்லை. அந்நிலையில், குழந்தை தன் குலத்தாரிடையே வளர வேண்டும் எனத் தாயார் கருதினார். இரண்டு வயது மகனைச் சுமந்துகொண்டு காஸாவிலிருந்து மக்கா மாநகருக்குப் பயணமானார். துணையற்ற கைம்பெண் ஒருவர் அந்நாளில் மேற்கொண்ட நெடும்பயணம் அது. மகனின் கல்விப் பயணம் அத்தாயின் அடிகளிலேயே தொடங்கிற்று என்று நாம் கூறலாம்.

மக்காவில் திருக்குர்ஆன் ஓதுவிக்கும் ஆசிரியரிடம் மகனைச் சேர்த்தார். ஆசிரியருக்குக் கொடுப்பதற்கு அவரிடம் ஊதியப் பொருள் இல்லை. ஆயினும் அச்சிறுவர் ஆசிரியர் சொல்வதைக் கேட்ட மாத்திரத்தில் மனத்தில் பதித்துக் கொண்டார். ஆசிரியர் எழுந்து வெளியே சென்ற நேரங்களில் மற்றப் பிள்ளைகளுக்குப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்தார். இவ்வுதவியையே ஊதியமாகக் கொண்டு ஆசிரியர் மனநிறைவு அடைந்தார். கட்டணம் செலுத்த இயலாத பிள்ளை தன்னிடமிருந்த ஆற்றலைக் கட்டணமாகச் செலுத்தியது. அதனை ஏற்றுக்கொண்ட ஆசிரியரின் பெருந்தன்மையும் நாம் மறக்கத் தக்கதன்று. ஏழாம் வயதில் இமாம் அவர்கள் திருமறை முழுவதையும் மனனம் செய்து முடித்தார்கள்.

எலும்பில் எழுதிய பாடம்

அதன் பின்னர்ப் புனித ஹரம் பள்ளிவாசலில் அறிஞர்கள் நடத்திய அவைகளில் போய் அமர்ந்தார்கள். நபிமொழிகளையும் மார்க்கச் சட்ட நுணுக்கங்களையும் கேட்டு நினைவில் கொண்டார்கள். கேட்டவற்றை எழுதி வைக்கத் தாள் வேண்டுமே! தாள் வாங்கக் காசில்லை. வெளியே கிடந்த அகன்ற எலும்புகளைப் பொறுக்கி வந்து அவற்றின் மீது எழுதினார்கள். எழுதி நிறைந்த எலும்புகளை வீட்டிலிருந்த பழைய சாடி ஒன்றில் இட்டுச் சேமித்தார்கள். அரசு அலுவலகத்துக்குச் சென்று, ஒருபுறம் எழுதப்பட்டுக் கழிக்கப்பட்ட தாள்களைக் கேட்டுப் பெற்று, அவற்றின் மறுபுறத்தைப் பயன்படுத்திக் கொண்டதும் உண்டு.

இல்லாமையைக் காட்டிக் கல்வியை நிறுத்தி விடுவது எளிது. அவ்வாறு நிறுத்தியிருந்தால் எவரும் குறை கூறியிருக்கவும் மாட்டார்கள். ஆனால் அச்சிறுவரின் கண்ணுக்குத் தம்மிடம் இல்லாத தாள் பெரிதாகத் தோன்றவில்லை. தெருவில் கிடந்த எலும்பே பெரிதாகத் தோன்றிற்று. இதனையே நாம் நல்லெண்ணம் என்றும் நன்னம்பிக்கை என்றும் கூறுகின்றோம். இருப்பதைக் கொண்டு தொடங்கும் மனம் அது.

மொழியறிவு இன்றித் திருமறையின் ஆழத்தைக் காண இயலாது என்பதை உணர்ந்த இமாம் அவர்கள், நகர வாழ்வை விட்டுப் பாலைவனத்து ஹுதைல் குலத்தாரிடம் சென்று தங்கினார்கள். தூய அரபு மொழிக்குப் பெயர் பெற்றவர்கள் அக்குலத்தார். அவர்கள் கூடாரம் பெயர்த்துச் சென்ற இடங்களுக்கெல்லாம் உடன் சென்று, அவர்தம் கவிதைகளைக் கற்றார்கள். வில்வித்தையிலும் தேர்ச்சி பெற்றார்கள். அரபு மொழிப் பேரறிஞரான அல்அஸ்மஈ அவர்களே பிற்காலத்தில் ஹுதைல் குலத்தாரின் கவிதைகளை இமாம் அவர்களிடம் படித்துச் சரிபார்த்துக் கொண்டார் எனில், அப்பயிற்சியின் ஆழம் எத்தகையது என்பது விளங்கும். பாலைவனத்தில் கழித்த காலம் உயர்கல்விக்கு அடிப்படையாய் அமைந்தது. மொழிப்பாடத்தை எளிதாக எண்ணி ஒதுக்கும் மாணவர்கள் இதனைக் கருத்தில் கொள்வார்களாக.

மதீனாவின் வாயிலில்

அக்காலத்தில் மதீனா நகரில் இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் ஒப்பற்ற ஆசானாய் வீற்றிருந்தார்கள். அன்னார் தொகுத்த முவத்தா என்னும் நூலின் புகழ் எங்கும் பரவியிருந்தது. அப்பேராசானிடம் பயில வேண்டும் என்னும் வேட்கை இளைஞர் ஷாஃபிஈ அவர்களின் உள்ளத்தில் எழுந்தது. உடனே புறப்பட்டுவிடவில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டிய இடம். மக்காவாசி ஒருவரிடம் முவத்தாவின் படி ஒன்றை இரவல் பெற்றார்கள். அந்நூல் முழுவதையும் மனனம் செய்து முடித்தார்கள். ஆசிரியரின் முன்னிலைக்குப் போகுமுன் ஆசிரியரின் நூலை நெஞ்சில் ஏந்திக்கொண்டார்கள்.

அதன் பின்னரே மக்காவின் ஆளுநரிடம் சென்று பரிந்துரைக் கடிதம் கேட்டார்கள். ஆளுநர் இரண்டு கடிதங்களைத் தந்தார். ஒன்று மதீனாவின் ஆளுநருக்கு; மற்றொன்று இமாம் மாலிக் அவர்களுக்கு. மதீனாவின் ஆளுநர் கடிதத்தைப் படித்ததும் தயங்கினார். இமாம் மாலிக் அவர்களின் வாயிலில் போய் நிற்பதைக் காட்டிலும், மதீனாவிலிருந்து மக்காவரை வெறுங்காலுடன் நடந்து போவது தமக்கு எளிது என்று கூறினார். கல்விக்கு இருந்த மாண்பின் முன் ஆட்சியாளரும் அஞ்சி நின்ற காலம் அது!

இருவரும் சென்று கதவைத் தட்டினர். நெடுநேரம் காத்திருந்த பின் இமாம் மாலிக் அவர்கள் கம்பீரமாக வெளியே வந்து அமர்ந்தார்கள். கடிதத்தைப் படித்துக்கொண்டே வந்தவர்கள், பரிந்துரை கூறப்பட்ட வரியை எட்டியதும் அதனை வீசி எறிந்தார்கள். இறைத்தூதர் (ஸல்) அவர்களின் கல்வி, சிபாரிசுகளின் மூலம் தேடப்படும் நிலைக்கு வந்துவிட்டதா என்று வியப்பும் வருத்தமும் கலந்து வினவினார்கள். உடன் வந்த ஆளுநரால் வாய் திறக்க இயலவில்லை.

அந்த நொடியில் இளைஞரின் எதிர்காலம் முழுவதும் ஊசலாடியது. மனம் குன்றித் திரும்பியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவமதிக்கப்பட்டதாகக் கருதிச் சினந்திருந்தாலும் முடிந்திருக்கும். அன்னாரோ முன்வந்து, பணிவுடன் தம் நிலையையும் தம் வேட்கையையும் தாமே எடுத்துரைத்தார்கள். இமாம் மாலிக் அவர்கள் அந்த முகத்தை உற்று நோக்கினார்கள், பெயரைக் கேட்டார்கள். இறைவனை அஞ்சி நடக்குமாறும், பாவங்களை விட்டு விலகியிருக்குமாறும் அறிவுரை கூறி, அவருக்குச் சிறப்பான எதிர்காலம் உண்டு என வாழ்த்தினார்கள். மறுநாள் முவத்தாவைப் படித்துக் காட்டக்கூடிய ஒருவரை அழைத்துக்கொண்டு வருமாறு பணித்தார்கள். தாமே மனப்பாடமாக ஓதுவதாக இளைஞர் விடையளித்தார்.

மறுநாள் நூல் கையில் இருக்க, மனத்திலிருந்தே பாடம் ஒலித்தது. ஆசிரியருக்கு அயர்வு தோன்றுமோ என்று அஞ்சி நிறுத்த எண்ணும் போதெல்லாம், அந்த ஓதலின் அழகில் மனம் ஈடுபட்ட ஆசிரியரே மேலும் ஓதுமாறு பணித்தார். ஆளுநரின் கடிதம் திறக்காத கதவை இரவல் நூலில் பெற்ற பயிற்சி திறந்துவிட்டது.

ஓசையின்றிப் புரண்ட ஏடு

ஹிஜ்ரி 179 இல் (கி.பி. 795) இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் மறையும் வரை ஷாஃபிஈ அவர்கள் அன்னாரின் மாணவராய்த் திகழ்ந்தார்கள். அந்த அவையில் நூலின் ஏட்டைப் புரட்டும் போதும், அதன் ஓசை ஆசிரியரின் செவியில் விழாதவாறு மெல்லப் புரட்டினார்கள் என வரலாறு கூறுகின்றது. இம்மரியாதை அச்சத்தினால் விளைந்ததன்று. கல்வியின் மீது கொண்ட மதிப்பு கற்பிப்பவர் மீது கொண்ட மதிப்பாய் மலர்ந்த நிலை அது. பிற்காலத்தில் அன்னாரின் மாணவர் ரபீஉ அவர்கள், தம் ஆசிரியர் பார்த்துக்கொண்டிருக்கையில் நீர் அருந்தவும் துணியவில்லை என்பர். மாணவராய்க் கொடுத்த மரியாதை ஆசிரியரானபோது அன்னாரிடமே திரும்பி வந்தது.

இடரும் ஒரு பாடசாலை

வறுமை அத்துடன் அகன்றுவிடவில்லை. யமன் நாட்டில் அரசுப் பணி ஒன்று கிடைத்தபோது வழிச்செலவுக்குப் பணம் இல்லாமையால், தாயார் வீட்டை அடகு வைத்து அனுப்பினார். அப்பணியில் நேர்மையாய் நடந்தமையால் பகை வளர்ந்தது. ஆட்சிக்கு எதிரானவர் எனப் பழி சுமத்தப்பட்டு, ஹிஜ்ரி 184 இல் (கி.பி. 800) கலீஃபா ஹாரூன் அல்ரஷீத் முன்னிலையில் கைதியாய் நிறுத்தப்பட்டார்கள். தெளிந்த வாதத்தினாலும், இமாம் அபூஹனீஃபா அவர்களின் மாணவரான முஹம்மத் இப்னுல் ஹசன் அஷ்ஷைபானி (ரஹ்) அவர்களின் ஆதரவான சொல்லினாலும் உயிர் தப்பினார்கள்.

உயிர் தப்பியவர் ஊருக்கு விரைந்து ஓடுவதே இயல்பு. இமாம் அவர்களோ அங்கேயே தங்கி, அஷ்ஷைபானி அவர்களிடம் மாணவராய் அமர்ந்து ஈராக்கின் சட்டக் கல்வியைப் பயின்றார்கள். ஓர் ஒட்டகம் சுமக்கும் அளவுக்கு அவரிடமிருந்து கல்வியைப் பெற்றதாய்ப் பிற்காலத்தில் நன்றியுடன் நினைவுகூர்ந்தார்கள். பல சட்டப் பிரச்சினைகளில் அவருடன் கருத்து மாறுபட்டார்கள். மரியாதையில் ஒருபோதும் மாறுபடவில்லை. கைதியாய்க் கொண்டுவரப்பட்ட இடத்தையே கல்விக்கூடமாய் ஆக்கிக்கொண்ட மனத்திண்மையை என்னென்பது!

பின்னர் மக்காவிலும் பக்தாதிலும் கற்பித்தார்கள். சட்டக் கோட்பாட்டை முறைப்படுத்திய அர்ரிஸாலா என்னும் நூலை இயற்றினார்கள். இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்களும் அன்னாரிடம் பயின்றவர்களே. ஹிஜ்ரி 199 அளவில் எகிப்துக்குச் சென்ற பின்னர், தம் முந்தைய முடிவுகளை மீண்டும் ஆராய்ந்து பலவற்றை மாற்றியமைத்தார்கள். புகழின் உச்சியிலும் மாணவராகவே இருந்தார்கள் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. கிதாபுல் உம்மு என்னும் பெருநூல் அக்காலத்தின் பயனாகும். ஹிஜ்ரி 204, ரஜப் மாத இறுதியில் (கி.பி. 820) அன்னார் இறையடி சேர்ந்தார்கள். இன்றைய கெய்ரோ நகரில் அன்னாரின் அடக்கத்தலம் உள்ளது.

நாம் கொள்ள வேண்டுவன

உயர்வகுப்பில் அடியெடுத்து வைக்கும் மாணவ மணிகளே! அடுத்த வகுப்பின் பாடத்தை விடுமுறையிலேயே ஒருமுறை படித்துப் பாருங்கள். இரவல் நூலாயினும் இழிவில்லை. கற்பிப்போரை மதியுங்கள், கருத்து மாறுபடும் போதும் மதியுங்கள். முதல் தேர்வில் மதிப்பெண் குறைந்தாலும், புதிய வகுப்பில் எவரும் முகங்கொடுத்துப் பேசாவிட்டாலும், கடிதம் வீசப்பட்ட பின் முன்வந்து பேசிய அந்த இளைஞரை நினைவில் கொள்ளுங்கள்.

சமுதாயப் பெரியோர்களுக்கும் ஒரு சொல். மக்காவின் ஆளுநர் எழுதிய கடிதம் பயன்படவில்லை. தம் நூலை இரவல் கொடுத்த மக்காவாசியின் பெயரோ பரவலாக அறியப்படவில்லை; அவர் கொடுத்த நூலே பயன்பட்டது. ஊதியம் கேளாமல் ஓதுவித்த ஆசிரியரும், வீட்டை அடகு வைத்த தாயும் அவ்வரிசையில் நிற்பவர்களே. நம் பிள்ளைகளுக்காகப் பரிந்துரைக் கடிதம் எழுதும் கை, அதற்கு ஓராண்டு முன்னரே ஒரு நூலை வாங்கிக் கொடுக்குமாயின், அப்பிள்ளைக்குக் கடிதமே தேவைப்படாது.

அத்தகைய மாணவர்களையும், அவர்களை ஆளாக்கும் நல்லோரையும் நம் ஊர்தோறும் பெருகச் செய்ய எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக! ஆமீன்.