இலக்கணத்தை எளிமையாக்கிய ஏந்தல்

(இரண்டாமாண்டு இளம் அறிவியல், வேதியியல்)

முன்னுரை

பிறந்தவர் பலர், பெயர் நிலைக்க வாழ்ந்தவர் சிலர். அச்சிலருள்ளும், தாம் வாழ்ந்த ஊரையும் காலத்தையும் கடந்து, தம்மை அறியாத ஏழை மாணவன் கையிலும் ஒரு கருவியைக் கொடுத்துச் சென்றவர் மிகச் சிலரே. யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் அத்தகையவர். சைவத்தின் காவலர் என்றும், தமிழ் உரைநடைக்கு உயிர் ஊட்டியவர் என்றும் அவரைப் போற்றுவோர் பலர். நான் இங்கே எழுத எடுத்துக்கொண்டது, பிள்ளைகளுக்கு இலக்கணம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் என்னும் அவருடைய ஒரு பக்கத்தை மட்டுமே.

வேதியியல் மாணவனுக்கு இலக்கணத்தில் என்ன வேலை என்று விடுதி நண்பர்கள் கேட்டனர். காரணம் உண்டு. என் தாய் தந்தையர் எழுத்தறியாதவர்கள். நான் பத்தாம் வகுப்புப் படித்த ஆண்டு, என் தந்தையார் ஒருவரிடம் ஒரு ஏக்கர் நிலத்தை வாரத்துக்குப் பிடித்தார். விதைச் செலவும் உரச் செலவும் நிலக்காரருடையவை என்பது வாய்ப்பேச்சு. அறுவடைக்குப் பின் கணக்குப் பார்த்தபோது செலவு முழுவதும் அப்பாவின் தலையில் விழுந்தது. கேட்டதற்கு, அவர் கைநாட்டு வைத்த சீட்டைக் காட்டினார்கள்.

சீட்டின் நகலை வாங்கி வந்து படித்தேன். பதினான்கு வரி, எல்லாம் சேர்ந்து ஒரே வாக்கியம், இடையில் ஒரு காற்புள்ளிகூட இல்லை. மூன்று முறை படித்தும் விளங்கவில்லை. எங்கள் தமிழாசிரியரிடம் கொண்டுபோனேன். அவர் பொருள் சொல்லவில்லை. கடைசியில் நிற்கும் வினையைப் பிடித்துக்கொள், அதனிடம் யார் என்று கேள் என்றார். கடைசியில் நின்றது 'ஏற்றுக்கொள்வார்' என்னும் பயனிலை. யார் என்று கேட்டுக்கொண்டே பின்னோக்கிப் போனேன். பதின்மூன்று வரிகளைத் தாண்டி, முதல் வரியில் என் தந்தையின் பெயர் எழுவாயாக நின்றது!

கைநாட்டு வைத்த பிறகு இலக்கணம் விளங்கி என்ன பயன்? அந்த ஆண்டு அம்மாவின் தோடு அடகுக்குப் போயிற்று, மீளவில்லை. அன்று ஆசிரியரின் மேசைமேல் அட்டை கிழிந்த ஒரு பழைய புத்தகம் இருந்தது. அது நாவலர் எழுதிய இலக்கணச் சுருக்கம். அதை அவர் எனக்குக் கொடுத்தார். நாவலரை நான் அறிந்தது அவ்வாறுதான்.

பிறப்பும் கல்வியும்

நாவலர் 1822ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் நல்லூரில் பிறந்தார். தந்தையார் கந்தப்பிள்ளை, தாயார் சிவகாமி அம்மையார். பெற்றோர் இட்ட பெயர் ஆறுமுகம். ஆண்மக்களுள் அவரே இளையவர். ஒன்பது வயதில் தந்தையை இழந்தார். தந்தையார் எழுதி முடிக்காமல் விட்டுச்சென்ற நாடகத்தை அச்சிறுவனே எழுதி முடித்தான் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். பின்னர்ச் சேனாதிராச முதலியார், சரவணமுத்துப் புலவர் ஆகிய பெரும்புலவர்களிடம் தமிழ் பயின்றார். ஆங்கிலம் பயின்றது வெஸ்லியன் சபையார் யாழ்ப்பாணத்தில் நடத்திய பள்ளியில். அப்பள்ளியின் தலைவர் பெர்சிவல் பாதிரியார், மாணவனின் அறிவைக் கண்டு அவரை அங்கேயே ஆசிரியராக்கினார். மேல் வகுப்புகளுக்குத் தமிழும் கீழ் வகுப்புகளுக்கு ஆங்கிலமும் கற்பிப்பது அவர் பணி. அப்போது அவருக்கு ஏறத்தாழ என் வயதுதான் என்பதை எண்ணும்போது வியப்பு மேலிடுகிறது.

பெர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழில் பெயர்த்தபோது அவருக்குத் துணைநின்றவர் இவரே. தாம் சைவத்தில் உறுதியாக நின்றுகொண்டே, மாற்றுச் சமயத்தார் நூலைப் பிழையற்ற தமிழில் அமைக்க உழைத்தார். ஒரு மொழியின் வாக்கியத்தைப் பிரித்து, மற்றொரு மொழியின் வாக்கியமாகக் கட்டும் அப்பணி, இரு மொழிகளின் அமைப்பையும் அவருக்கு நன்கு காட்டியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். பகலில் பள்ளியில் பணி. இரவிலும் காலையிலும் தம் வீட்டில் மாணவர்க்கு ஊதியம் பெறாமல் பாடம். இப்படிச் சில காலம் சென்றது.

பள்ளியும் அச்சகமும்

1848ஆம் ஆண்டு, இருபத்தைந்து வயதில், அவ்வேலையை விட்டு விலகினார். அவ்வாண்டே வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பள்ளி தொடங்கியவருக்குப் பெரிய இடர் ஒன்று முன்னே நின்றது: பிள்ளைகள் கையில் கொடுக்கப் புத்தகம் இல்லை. ஓலைச்சுவடியை வைத்துக்கொண்டு ஒரு வகுப்பு முழுவதையும் நடத்துவது எப்படி? 1849இல் அச்சுப்பொறி வாங்கச் சென்னை வந்தார். அப்பயணத்தில்தான் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் என்னும் பட்டத்தை வழங்கியது. ஊர் திரும்பி வித்தியாநுபாலன யந்திரசாலை என்னும் அச்சகத்தை நிறுவினார்.

அதன்பின் நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. சிறுவர்க்குப் படிப்படியாக உயரும் பாலபாடங்கள். பெரியோர்க்குப் பெரியபுராண வசனம். மாணவர்க்கு இலக்கண வினாவிடை, இலக்கணச் சுருக்கம், நன்னூற் காண்டிகையுரை. 1864இல் சிதம்பரத்திலும் ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலை கண்டார். 1872இல் வண்ணார்பண்ணையில் ஆங்கிலப் பள்ளியும் தொடங்கினார். ஆனால் பொருள் போதாமையால் சில ஆண்டுகளிலேயே அதனை மூட நேர்ந்தது.

இலக்கணம் கற்பித்த முறை

அக்காலத்தில் இலக்கணம் கற்பது என்றால் நூற்பாவை மனப்பாடம் செய்வது என்று பொருள். பவணந்தி முனிவரின் நன்னூலில் 462 நூற்பாக்கள் உள்ளன. அவை புலவர்க்கு விருந்து. பதின்மூன்று வயதுச் சிறுவனுக்கோ அவை பூட்டிய பெட்டி. நாவலர் அப்பெட்டியைத் திறந்தார். நூற்பாவின் பொருளை எளிய உரைநடையில் எழுதினார். ஒவ்வொன்றையும் ஒரு வினாவாகவும் ஒரு விடையாகவும் அமைத்தது இலக்கண வினாவிடை. இலக்கணச் சுருக்கத்திலோ ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் தேர்வு வினாக்களை வைத்தார். படித்தவன் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளலாம். ஆசிரியர் இல்லாத வீட்டிலும் அப்புத்தகம் ஆசிரியராக நிற்கும்.

மற்றொன்றையும் கூறவேண்டும். நன்னூல் எழுத்து, சொல் என்னும் இரண்டு அதிகாரங்களை உடையது. சொற்கள் தொடர்ந்து வாக்கியமாகும் முறை அதில் தனி அதிகாரமாக இல்லை. நாவலர் தம் இலக்கணச் சுருக்கத்தில் தொடர்மொழியதிகாரம் என்று மூன்றாவது ஒன்றை அமைத்தார். நூலின் இறுதியில், ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு அதில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் இலக்கணம் கூறும் முறையையும் காட்டினார். இன்ன சொல் பெயரா, வினையா, என்ன வேற்றுமை, எந்தச் சொல்லைக் கொண்டு முடிகிறது என்று ஒன்றையும் விடாமல் கேட்கும் முறை அது. எங்கள் ஆய்வகத்தில் ஓர் உப்பைக் கொடுத்து, அமில உறுப்பு எது, கார உறுப்பு எது என்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். நாவலர் வாக்கியத்தைக் கொடுத்து அதையே செய்யச் சொன்னார்.

உரைநடையிலும் அதே நோக்கம். சந்தியைப் பிரித்து எழுதுவதும், காற்புள்ளி, அரைப்புள்ளி, முற்றுப்புள்ளி, வினாக்குறி ஆகியவற்றைத் தமிழ் உரைநடையில் தொடர்ந்து பயன்படுத்துவதும் அவர் நூல்களால் பரவின. புள்ளி சிறியதுதான். ஆனால் அந்தப் பதினான்கு வரிச் சீட்டில் நான்கு புள்ளிகள் இருந்திருந்தால், படித்துக் காட்டியவரின் குரலாவது ஓரிடத்தில் நின்றிருக்கும். என் தந்தையாரும் அங்கே ஒரு கேள்வி கேட்டிருப்பார்.

எங்கள் ஊர்த் திண்ணையில்

விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போதெல்லாம், ஒன்பதாம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பதினொரு பேருக்கு நூலகத் திண்ணையில் பாடம் சொல்லித் தருகிறேன். இலக்கணம் என்றதும் முகம் சுளித்தார்கள். நாவலர் வழியைச் சற்றே மாற்றி, தரையில் சுண்ணக்கட்டியால் படம் வரையத் தொடங்கினேன். அப்பா வாங்கி வந்த புதிய மண்வெட்டியைத் தம்பி கிணற்றங்கரையில் தொலைத்துவிட்டான் என்பது வாக்கியம். முதலில் பயனிலையை அடிமரமாக எழுது. தொலைத்தது யார்? எதை? எங்கே? ஒவ்வொரு விடையும் ஒரு கிளை.

எழுவாய் அப்பா என்றாள் ஒரு மாணவி. வாக்கியத்தில் முதலில் நிற்பதால் அப்படித் தோன்றுவது இயல்பே. நான் மறுக்கவில்லை. அப்பா தொலைத்துவிட்டான் என்று சொல்லிப் பார்க்கச் சொன்னேன். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அப்பா என்றால் தொலைத்துவிட்டார் என்றல்லவா வரும்! அப்படியானால் அப்பா எங்கே போவார்? 'வாங்கி வந்த' என்னும் பெயரெச்சத்துக்கு எழுவாய் ஆவார். அந்தப் பெயரெச்சம் மண்வெட்டியைத் தழுவும். பெரிய கிளையில் ஒரு சிறு கிளை. வாக்கியத்துக்குள் இன்னொரு வாக்கியம் ஒளிந்திருப்பதை அவர்கள் கண்ணால் கண்டார்கள்.

சில வாரம் கழித்து அம்மாணவி ஒரு தாளை எடுத்து வந்தாள். அவள் அம்மா கையெழுத்துப் போடவேண்டிய கடன் படிவம் அது. வினைகளின் கீழ் எல்லாம் கோடிட்டிருந்தாள். இரண்டு இடங்களில் யார் என்பதற்கு விடை கிடைக்கவில்லை என்றாள். எனக்கும் கிடைக்கவில்லை. மறுநாள் அவள் அம்மா அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதன்பிறகே கையெழுத்திட்டார். தேர்வில் அவள் பெறப்போகும் மதிப்பெண்ணை நான் அறியேன். அந்த ஒரு நாள் மறுப்பு எனக்குப் போதும்.

மறைக்கக் கூடாத ஒன்று

புகழ்வது மட்டும் வரலாறு ஆகாது. நாவலர் சாதி வேற்றுமையை ஏற்றே எழுதினார். அவருடைய சைவ நூல்களில் அது வெளிப்படையாக நிற்கிறது. அவர் கண்ட பள்ளிகளின் கதவு ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குத் திறந்திருக்கவில்லை என்பதை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். எங்கள் தெருவில் பிறந்த ஒருவன் அன்று வண்ணார்பண்ணைக்குப் போயிருந்தால் வெளியேதான் நின்றிருப்பான். அவர் நூலைக் கையில் வைத்துக்கொண்டு இதை எண்ணும்போது எனக்குச் சினமும் வருகிறது, நன்றியும் வருகிறது. இரண்டில் ஒன்றை விட்டுவிட என்னால் இயலவில்லை.

ஆனால் ஒன்று தெளிவாகிறது. பள்ளிக்குக் கதவு உண்டு; அச்சிட்ட புத்தகத்துக்குக் கதவு இல்லை. எளிமையாக எழுதப்பட்ட நூல், எழுதியவர் நினைத்த எல்லையோடு நிற்பதில்லை. ஒரு சாராருக்கு என்று அவர் செய்த கருவி ஒன்றரை நூற்றாண்டு நடந்து, கைநாட்டு வைத்தவர் மகன் கைக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

முடிவுரை

1877ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் பசித்தோர்க்குக் கஞ்சி வார்க்க முன்னின்ற நாவலர், 1879ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் மறைந்தார். ஐம்பத்தேழு வயது நிறைய இன்னும் சில நாள்களே இருந்தன. மணம் செய்துகொள்ளவில்லை; பொருள் சேர்க்கவில்லை; பள்ளிகளையும் நூல்களையும் விட்டுச் சென்றார்.

நம் கல்லூரியில் என்னைப் போல் வீட்டின் முதல் பட்டதாரியாக வரவிருப்போர் பலர் உள்ளனர். இயற்பியலோ, வணிகவியலோ, எதைப் படித்தாலும் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது நான்கு பிள்ளைகளைத் திண்ணையில் அமர்த்தி, பயனிலையைப் பிடித்து யார் என்று கேட்கக் கற்றுக்கொடுப்போம். நாவலர் திறக்காத கதவையும் சேர்த்துத் திறப்பதே, அவர் திறந்த பெட்டிக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.

வாழ்க தமிழ்!