குறைமாதக் குழந்தைக்கு ஏன் தினமும் எடை பார்க்குறாங்க? தராசை நம்பிய பாரிஸ் டாக்டரின் கதை

குறைமாதக் குழந்தைகள் வார்டுக்கு வெளியே காத்திருக்கும் பெற்றோருக்கு தினமும் ஒரே கவலைதான்: இன்னைக்கு எத்தனை கிராம் ஏறியிருக்கு? இந்தக் கிராம் கணக்கை மருத்துவத்தின் மையத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர், பிரான்ஸ் டாக்டர் பியர் பூடன்.

யார் இவர்?

1846-ல் பிறந்த மகப்பேறு மருத்துவர். இவருடைய குரு ஸ்டெபான் டார்னியே, கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியைப் பார்த்து, 1880-களின் தொடக்கத்தில் பாரிஸ் மருத்துவமனைக்கு இன்குபேட்டரைக் கொண்டுவந்தார். 2 கிலோவுக்குக் குறைவான குழந்தைகளின் இறப்பு 66 சதவீதத்திலிருந்து 38 ஆகக் குறைந்தது.

அப்புறம் என்ன பிரச்னை?

பிழைத்து வீட்டுக்குப் போன குழந்தைகள் அங்கே இறந்தன. கெட்டுப்போன பால், வயிற்றுப்போக்கு. இது பூடனை உலுக்கியது. 1892-ல் பாரிஸின் ஷாரிடே மருத்துவமனையில் ஒரு ஏற்பாடு செய்தார். அங்கே பிரசவித்த தாய்மார்கள் வாரம்தோறும் குழந்தையைத் தூக்கிவர வேண்டும். எடை பார்த்துக் குறித்து வைப்பார்கள். தாய்ப்பாலுக்கே முதலிடம், அது போதாதவர்களுக்கு மட்டும் கிருமி நீக்கிய பால்.

தராசு எதுக்கு?

1895-ல் எடை குறைந்த குழந்தைகளுக்கான தனி வார்டு பூடனின் பொறுப்புக்கு வந்தது. உடல் சூடு, பால், நோய்த்தொற்று: மூன்றையும் கவனித்தால்தான் குழந்தை பிழைக்கும் என்றார். பால் குறைந்தால் வளர்ச்சி நிற்கும், கூடினால் வயிறு தாங்காது. பார்வைக்கு நல்லா இருக்கிற குழந்தையும் இளைத்துக்கொண்டிருக்கலாம். அதைக் கண்ணை விட முந்திக் காட்டுவது தராசு.

தாயையும் அவர் ஒதுக்கவில்லை. பிரிந்தே இருந்தால் பாலும் வற்றும், பாசமும் வற்றும் என்று கண்டு, அருகில் இருக்க ஊக்குவித்தார்.

இந்த அனுபவங்களை 1900-ல் புத்தகமாக்கினார். 1907-ல் காலமானார்.

இன்னைக்கு எப்படி?

பிறந்த முதல் சில நாட்களில் எடை கொஞ்சம் குறைவது இயல்பு. பிறகு ஒரு கிலோ எடைக்கு தினமும் சுமார் 15 கிராம் ஏறணும் என்பது பொதுவான கணக்கு. நீளமும் தலைச்சுற்றளவும் சேர்த்தே பார்ப்பார்கள். ஒருநாள் எடை ஏறலைன்னா பதற வேண்டாம். பல நாள் கோடு எந்தப் பக்கம் போகுது என்பதே முக்கியம். டிஸ்சார்ஜ் ஆன பிறகும் எடை பார்க்கும் தேதியைத் தவறவிடாதீங்க. பூடன் அன்று தாய்மார்களிடம் கேட்டதும் அதைத்தான்.